பென்சில் போன திசை

பழைய ஸ்டுடியோ நெகட்டிவ் ஒன்று கையில் கிடைத்தால் யாரும் முதலில் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத்தான் பார்ப்பார்கள். தலைமுடி வெள்ளையாகவும் வேட்டி கறுப்பாகவும் மாறிப்போன ஓர் உருவம் தெரியும். அதையே கொஞ்சம் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் மேலே வழுக்கி ஓடும்படி பிடித்தால் வேறொன்று தெரியும். கன்னத்திலும் நெற்றியிலும் கண்ணுக்குக் கீழேயும் எறும்பு ஊர்ந்த தடம்போல் பென்சில் கீறல்கள். காற்புள்ளி அளவில் சில, சுழிகளாகச் சில, எட்டு எண்போல் வளைந்து திரும்புபவை சில. படத்தை ஒட்டிய அட்டையில் ஸ்டுடியோவின் பெயர் அழகாகப் பொறித்திருக்கும். கீறியவர் பெயர் எங்கும் இராது.

இப்படிப்பட்ட படங்களுக்குப் புதுச்சேரியில் ஒரு புகலிடம் கிடைத்திருக்கிறது. செயின்ட் லூயி வீதியில் கடலோரமாக இருக்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1955இல் தொடங்கப்பட்டது. கோயில்களையும் சிற்பங்களையும் ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்துச் சேர்த்த பெரிய படக்காப்பகம் அதற்கு உண்டு. பின்னாளில் அதே நிறுவனத்தில் மானிடவியலாளர் ஸோயே ஹெட்லியும் உடன் பணியாற்றியவர்களும் தெய்வங்களின் படத்திலிருந்து மனிதர்களின் படத்துக்குத் திரும்பினார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு தமிழகத்து ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடி, 1880 முதல் 1980 வரையிலான நூறாண்டுப் படங்களை எண்ணிம வடிவுக்கு மாற்றினார்கள். தேடியதற்கு அவசரம் இருந்தது. மூடிய ஸ்டுடியோவின் கண்ணாடித் தகடு சுரண்டப்பட்டு வெறும் கண்ணாடியாக விலைபோகும். ஃபிலிம் என்றால் அதிலிருக்கும் வெள்ளிக்காகப் போகும்.

இந்தப் படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பின்னணித் திரையை, முக்காலியை, பூச்சாடியை, பட்டுப்புடவையை, உட்கார்ந்திருப்பவரின் சாதியை, வசதியைப் பேசுகிறார்கள். எல்லாம் பேச வேண்டியவைதான். எனக்கு அந்தப் பென்சில்தான் பெரிதாகத் தெரிகிறது. இன்று கம்ப்யூட்டரில் படத்தை டச்சிங் செய்பவரும், சினிமாவுக்கு டி.ஐ. அறையில் நிறம் கூட்டிக் குறைக்கும் கலரிஸ்ட்டும் அந்தப் பென்சிலின் வாரிசுகள். அவர்கள் கை போகும் திசை அந்தக் காலத்திலேயே முடிவானது. அதை முடிவு செய்ததில் ரசனைக்குப் பங்குண்டு என்றால் வேதியியலுக்கும் உண்டு.

டச்சிங் மேசை பார்க்க எளிமையானது. சாய்வாக நிற்கும் மரச்சட்டம், நடுவில் தேய்த்த கண்ணாடி, கீழே ஜன்னல் வெளிச்சத்தை மேல்நோக்கித் திருப்பும் நிலைக்கண்ணாடி, தலைக்கு மேல் கறுப்புத் துணி. நெகட்டிவின் மேற்பரப்பு வழவழப்பானது, பென்சிலை ஏற்காது. ஆகவே குங்கிலியத்தை டர்பன்டைனில் கரைத்து, துணிநுனியில் தொட்டு, முகம் இருக்கும் இடத்தில் மட்டும் தேய்ப்பார்கள். காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சொரசொரப்பு வரும், அதில் பென்சில் பிடிக்கும். சாம்பிராணியோடு சேர்த்துப் புகை போடுகிறோமே, அந்தக் குங்கிலியம்தான். கடினமான பென்சிலை ஒரு அங்குலத்துக்கு மேல் ஈயம் தெரியச் சீவி, உப்புத்தாளில் உருட்டி உருட்டி ஊசிமுனையாக்குவார்கள். பிறகு அழுத்தாமல், தொட்டும் தொடாமலும், அம்மைத் தழும்பை, கண்ணுக்குக் கீழ்ப் பள்ளத்தை, நெற்றிச் சுருக்கத்தைக் கீறிக் கீறி நிரப்புவார்கள். கோடு போடுவது அல்ல, சுற்றியிருக்கும் அடர்த்திக்குச் சமமாகக் கொண்டுவருவதுதான் வித்தை. அதிகம் கீறினால் பிரின்டில் முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. நெகட்டிவில் கருமை சேர்ந்த இடம் பிரின்டில் வெளுக்கும். பென்சில் கருமையைச் சேர்க்கிற கருவி. ஆக, நெகட்டிவின்மேல் பென்சிலால் வெளுக்க மட்டுமே முடியும். ஓரிடத்தைக் கறுக்க வைக்க வேண்டுமென்றால் கத்தியை எடுத்து, படம் பதிந்திருக்கும் மெல்லிய படலத்தைச் சுரண்ட வேண்டும். பென்சில் தப்பினால் டர்பன்டைன் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி கீறலாம். கத்தி தப்பினால் வாடிக்கையாளரை மறுபடி தலைசீவி, பவுடர் போட்டு வரச்சொல்ல வேண்டியதுதான். புதிதாக வேலைக்கு வந்த பையன் கையில் பென்சிலைத்தான் கொடுப்பார்களே தவிரக் கத்தியை அல்ல. சுலபமான வழி, ஆபத்தில்லாத வழி, கற்றுக்குட்டிக்கும் கைவரும் வழி எல்லாம் வெளுப்பை நோக்கியே போயின.

தமிழனுக்குச் சிவப்பு மோகம், அதனால்தான் முகத்தை வெளுக்கச் சொன்னான் என்று இதைச் சுருக்கிவிடலாம். பாதிதான் உண்மை. நம் மொழியில் வெளுத்த தோலுக்குச் சிவப்பு என்று பெயர். அந்தக் காலத்துத் தகடுகளுக்கோ சிவப்பே தெரியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தகடுகள் நீல ஒளியை மட்டும் உணர்ந்தன. ஜெர்மானிய வேதியியலாளர் ஹெர்மன் ஃபோகல் 1873இல் சாயம் கலந்து பச்சையையும் உணரவைக்க வழி கண்டார். சிவப்பு அப்போதும் வெளியேதான் நின்றது. மாநிறத் தோல் திருப்பி அனுப்பும் ஒளியில் பெரும்பங்கு செம்மை கலந்தது. அதைக் காணாத தகட்டில் மாநிறம் கறுப்பாகப் பதியும், கறுப்பு கரியாகப் பதியும், வெற்றிலை போட்ட உதடு மைக்கோடாகிவிடும். ‘நான் இவ்வளவு கறுப்பா?’ என்று வாடிக்கையாளர் கேட்டிருந்தால் அவர் பொய் சொல்லவில்லை, தகடுதான் சொன்னது. பென்சில் எடுத்தவர் அந்தப் பொய்யைத் திருத்தினார். திருத்தம் எந்தக் கீறலில் முடிந்தது, முகஸ்துதி எந்தக் கீறலில் தொடங்கியது என்று அவருக்கே தெரிந்திருக்காது.

இதே குறை வானத்திலும் வேலை செய்தது. நீலம் மட்டும் தெரிந்த தகட்டுக்கு நீல வானம் வெள்ளை வானம். கோபுரத்துக்குப் பின்னால் வெறும் வெள்ளைத் தாள்தான் நிற்கும். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த ராணுவ அதிகாரி லின்னேயஸ் ட்ரைப் 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி எங்கும் பெரிய கேமராவைச் சுமந்து அலைந்தார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளக் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரின்ட்களை ஒட்டிப் பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரே படமாக்கிய மனிதர். கல்வெட்டில் ஓர் எழுத்தும் மாறக்கூடாது என்று இருந்த அவரே, வேறு படங்களின் நெகட்டிவில் தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். வெளுத்துப் போன வானத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. வானத்துக்கு மேகம் தீட்டிய ராணுவ அதிகாரியும், முகத்தில் பென்சில் கீறிய ஸ்டுடியோக்காரரும் ஒரே வேதியியல் குறையோடுதான் மல்லுக்கட்டினார்கள். ஒருவரைக் கலைஞர் என்கிறோம். மற்றவரின் பெயரைத் தேடவே இல்லை.

டச்சிங் உலகத்துக்கு அறிமுகமான மேடை பிரான்ஸ். மியூனிக் நகரத்துப் புகைப்படக்காரர் ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஸ்டேங்கல் 1855ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில், டச்சிங் செய்த படத்தையும் செய்யாத படத்தையும் அருகருகே வைத்துக் காட்டினார் என்பார்கள். பார்த்தவர்களுக்கு மறைக்க எதுவும் இல்லாத வித்தையாக அது அறிமுகமானது. பின்னாளில்தான் மறைவாக நடக்கும் வேலையானது.

எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமேட்டிக் தகடு 1906இல் சந்தைக்கு வந்தது. ஆனால் அதை முழு இருட்டில் கழுவ வேண்டும். சிவப்பு விளக்கின் கீழ் படம் எழுவதைப் பார்த்துப் பார்த்துக் கழுவிப் பழகியவர்கள் பழைய வகையை அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. பிறகு எல்லோரும் மாறினார்கள், தகட்டின் பொய் குறைந்தது. பென்சிலின் வேலை மட்டும் குறையவில்லை. காரணம் போன பிறகும் பழக்கம் தங்கிவிட்டது. என் கணக்கில், கைத்தொழிலாக இருந்தது இங்கேதான் ரசனையாக மாறியது. அதற்குள் இரண்டு மூன்று தலைமுறை வீட்டுச் சுவரில் வெளுத்த முகங்களைப் பார்த்தே வளர்ந்திருந்தது. தாத்தா என்றால் அந்த நிறம்தான்.

இந்தப் பழக்கத்துக்கு எதிர்முனையில் நிற்கும் ஒரு சம்பவமும் இதே புதுச்சேரியில் நடந்தது. 1950 ஏப்ரலில் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் இங்கே வந்து அரவிந்தரை அவர் அறையிலேயே படமெடுத்தார். பல பத்தாண்டுகளாகக் கேமராவுக்கு முன் வராதவர் அரவிந்தர். அந்த ஆண்டு டிசம்பர் 5 அன்று காலமானார். கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் எடுத்த படத்தின் ஓரத்தைக்கூட வெட்ட விடாதவர். அவர் கையிலிருந்த லைக்கா கேமராவின் நெகட்டிவ் 24க்கு 36 மில்லிமீட்டர்தான், அதில் ஒரு முகம் பட்டாணி அளவு. பென்சில் வைக்க இடமேது? சுருக்கங்களும் தளர்ச்சியும் அப்படியே இருக்கும் அந்த முதிய முகம், கொள்கையாலும் தப்பியது, நெகட்டிவின் அளவாலும் தப்பியது. கொள்கையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அளவு அதற்குச் செய்த உதவியையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

அந்தச் சிறிய ஃபிலிம் பரவியபோது ஸ்டுடியோ டச்சிங் தேய்ந்தது. கலர் வந்து, மெஷின் போட்ட லேப் வந்த பிறகு நிறத்தை முடிவு செய்யும் வேலை மெஷினுக்குப் போனது. மெஷினுக்கு அளவுகோல் வேண்டுமே! கோடக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருப்பார். ஷர்லி அட்டை என்று பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி. பல இனத்துப் பெண்களும் சேர்ந்த அட்டை 1990களில்தான் வந்தது.

சினிமாவின் கதை வேறு. 150 நிமிடப் படத்தில், நொடிக்கு 24 வீதம், 2,16,000 பிரேம்கள். எந்தப் பென்சிலால் கீறுவது? ஃபிலிம் காலத்தில் லேப்பின் கிரேடர், பிரின்ட் போடும் மெஷினில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று விளக்குகளையும் ஒவ்வொன்றும் 1 முதல் 50 வரையிலான படிகளில் கூட்டிக் குறைப்பார். ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நிறம் ஒட்டிப்போக வேண்டும், அதுதான் அவர் கவலை. அவர் தொட்டால் முழுப் பிரேமும் மாறும். முகத்தை மட்டும் வெளுத்து, பின்னால் நிற்கும் மாமரத்தை அப்படியே விட வழியில்லை. அதனால் வெளுக்கும் வேலை மேக்கப் அறைக்கும் விளக்குகளுக்கும் போனது. கிராமத்துப் பெண்ணாக நடிக்க வரும் சிவந்த நடிகைக்குப் போடும் ‘டல் மேக்கப்’பும் அங்கே பிறந்ததுதான். கறுப்பாக இருப்பவரை நடிக்க வைப்பதைவிடச் சிவப்பாக இருப்பவரைக் கறுப்பாக்குவது நம் சினிமாவுக்கு எளிதாக இருந்தது. மாறாகப் போனவர்களும் உண்டு. பாலுமகேந்திராவின் ‘வீடு’ படத்தில் அர்ச்சனாவின் முகத்தை ஜன்னல் வெளிச்சம் தொடும் விதத்தைப் பார்த்தால், கறுத்த தோலுக்கு வேண்டியது வெளுப்பு அல்ல, பளபளக்க ஓர் ஓரவெளிச்சம் என்பது புரியும். அந்த நடிப்புக்குத் தேசிய விருது கிடைத்தது.

கோயன் சகோதரர்களின் படமொன்று 2000இல் முழுவதுமாக ஸ்கேன் செய்யப்பட்டு, கம்ப்யூட்டரில் நிறம் மாற்றி மறுபடி ஃபிலிமில் ஏற்றப்பட்டது. கோடைப் பச்சையை எல்லாம் காய்ந்த மஞ்சளாக்கிவிட்டார்கள். இந்த முறைக்குத்தான் டி.ஐ. என்று பெயர். சில ஆண்டுகளில் அது சென்னைக்கும் வந்தது. கிரேடர் கலரிஸ்ட் ஆனார். பிரேமில் முகத்தைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் போடலாம். தோலின் நிறத்தை மட்டும் பிரித்தெடுக்கலாம். முகம் திரும்பினால் வட்டமும் கூடவே திரும்பும். 2,16,000 பிரேம்கள் இருந்ததால் தப்பித்திருந்த சினிமாவுக்குள் டச்சிங் பென்சில் நுழைந்தது இப்போதுதான்.

அது நுழைந்ததைத் தமிழர்கள் எல்லோரும் தியேட்டரில் உட்கார்ந்து கைதட்டிப் பார்த்தோம். 2007 ஜூன் 15 அன்று வெளிவந்த ஷங்கரின் ‘சிவாஜி’யில் ஒரு பாடல் முழுக்க ரஜினிகாந்த் வெள்ளைக்காரராக வருவார். பவுடர் பூசியதல்ல அது. அதே விளக்குகளின் கீழ் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணையும் படமெடுத்து, அவர் தோலின் நிறத்தைப் பிரேம் பிரேமாக ரஜினியின் தோலில் ஏற்றினார்கள். ஏறக்குறைய 9,000 பிரேம்கள். இருபத்தைந்து பேர் ஓராண்டு உழைத்ததாகச் சொல்லப்பட்டது. இந்தியன் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்துக்கு அந்தப் படத்தின் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸுக்காகத் தேசிய விருது. கதையில் அது நையாண்டி. நிறத்தைச் சொல்லித் தயங்கும் பெண்ணுக்காக நாயகன் சிவப்பாகப் படும் பாடு. கேலி செய்யத்தான் செய்தார்கள், ஆனால் கேலியைச் செய்து முடிக்க ஓராண்டுத் தொழில்நுட்பம் தேவைப்பட்டது. அன்று விளம்பரப்படுத்திச் செய்த அந்த வேலையின் சிறிய அளவு, இன்று ‘பியூட்டி ஒர்க்’ என்ற பெயரில் சொல்லாமல் நடக்கிறது. தழும்பை எடு, கண்ணுக்குக் கீழே நிரப்பு, கொஞ்சம் தூக்கிவிடு. டச்சிங் மேசையில் நடந்த அதே மூன்று வேலைகள்.

புதுச்சேரியில் படமெடுத்தால் கலரிஸ்ட்டுக்குக் கூடுதலாக ஒரு வேலை வரும். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் வீதிகளில் சுவர்கள் மஞ்சள். ‘நானும் ரௌடிதான்’ (2015) போல இந்த ஊரையே களமாக வைத்த படங்கள் அந்த மஞ்சளுக்காகத்தான் வருகின்றன. இங்கே கல்யாணப் படம் எடுக்க வரும் ஜோடிகளும் அதற்காகவே வருகிறார்கள். குறுகிய வீதியில் வெயில் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி முகத்தின் ஒரு பாதியில் மஞ்சளைப் பூசிவிடும். ஏற்கனவே செம்மஞ்சள் கலந்த மாநிறத்தில் இது சேர்ந்தால் காமாலை கண்டவர்போல் ஆகிவிடும். முகத்தின் மஞ்சளை எடுக்கப்போனால் சுவரின் மஞ்சளும் போகும், சுவர் போனால் வந்த காரியமே கெட்டது. முகத்துக்கு மட்டும் வட்டம் போட்டுச் சிறிது நீலம் சேர்க்கிறார்கள். இங்கே தவறு எதுவும் இல்லை. சுவர் முகத்தில் ஏற்றிய பொய்யைத் திருத்துகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் வட்டம் போட்டாகிவிட்டது, கை அங்கேயே இருக்கிறது. வெளிச்சத்தை ஒரு புள்ளி ஏற்றினால் என்ன?

இந்த இடத்தில் கலரிஸ்ட்கள் எல்லோரும் அறிந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். நிறங்களை வட்டமாக வரைந்து காட்டும் வெக்டர்ஸ்கோப் என்ற அளவி அவர்கள் பக்கத்தில் எரிந்துகொண்டே இருக்கும். அதில் தோலுக்கென்று ஒரு கோடு உண்டு, சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே. நார்வேக்காரர் தோலும் நெல்லிக்குப்பத்துக்காரர் தோலும் ஏறத்தாழ அந்த ஒரே கோட்டின்மேல்தான் வந்து விழும். சிவப்பு, மாநிறம், கறுப்பு என்று நாம் பிரிப்பதில் நிறவகை அநேகமாக மாறுவதேயில்லை. மாறுவது வெளிச்சத்தின் அளவும் நிறத்தின் அடர்த்தியும். அதனால் நிறம் சரிதானா என்று அளவி சொல்லும், எவ்வளவு வெளிச்சம் சரி என்று சொல்லாது. வீடியோ கேமராவில் முகத்துக்கு 70 சதவீதம் என்று பயிற்சி நூல்கள் சொன்ன அளவு வெள்ளைத் தோலுக்கானது. அதையே இங்கேயும் பிடித்தால் முகம் ஒரே தாவலில் வெளுத்துவிடும். கருவி அதைத் தவறென்று காட்டாது.

பென்சில் காலத்தவருக்கு ஒரு சமாதானம் இருந்தது. கருவி ஒரு திசையில்தான் போகும். இன்றைய கருவிக்குத் திசை கிடையாது. 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப்பில் வெளுக்கும் கருவியின் சின்னம் குச்சியில் ஒட்டிய வட்ட அட்டை, கறுக்கும் கருவியின் சின்னம் குவித்த கை. இரண்டும் இருட்டறையில் பிரின்ட் போடும்போது ஒளியை மறைக்கவும் விடவும் பயன்பட்டவை. அருகருகே இருக்கின்றன. எதை அழுத்தவும் ஒரே உழைப்பு, தப்பினால் இரண்டையும் ஒரே மாதிரி பின்வாங்கலாம். அப்படியிருந்தும் கல்யாண ஆல்பமோ, முச்சந்தியில் கட்டும் கண்ணீர் அஞ்சலி பேனரோ, கை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். அஞ்சலி பேனர் முகம் வாக்காளர் அட்டையிலிருந்தோ, யாரோ தோளில் கைபோட்ட குழுப்படத்திலிருந்தோ வந்திருக்கும். பக்கத்துத் தோளை வெட்டி, வெள்ளைச் சட்டை மாட்டி, பின்னால் மேகம் வைத்து, இரண்டு மணிநேரத்தில் அச்சுக்குப் போக வேண்டும். அந்த அவசரத்திலும் முகத்தை வெளுக்க நேரம் கிடைத்துவிடுகிறது. வாழ்நாள் முழுக்க வெயிலில் மீன் விற்ற ஆயா பேனரில் சந்தன நிறத்தில் சிரிக்கிறார்.

பிரான்சில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. 2016 ஜனவரியில் இயற்றிய பொதுச்சுகாதாரச் சட்டத்தின்படி, 2017 அக்டோபர் 1 முதல், மாடல்களின் உடலை மெலியவோ பருக்கவோ வைத்து மாற்றிய விளம்பரப் படத்தில் ‘டச்சிங் செய்த படம்’ என்று அச்சிட வேண்டும். மீறினால் 37,500 யூரோ அபராதம். அது விளம்பரச் செலவில் 30 சதவீதம் வரைகூடப் போகலாம். 1954 நவம்பர் 1 அன்று பிரான்ஸ் கைமாற்றிக் கொடுத்த ஊர் புதுச்சேரி, இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமையோடு இங்கே ஆயிரக்கணக்கானோர் வாழ்கிறார்கள். ஆனாலும் அந்தச் சட்டம் இங்கே செல்லாது. சென்றாலும் நமக்கு உதவாது. அது இடுப்பளவைப் பற்றியது. தோல், முடி, சுருக்கம் எதையும் அது தொடவில்லை. ஒவ்வொரு ஊரும் தன் கவலைக்கு ஏற்றபடிதான் சட்டம் எழுதும்போல. இங்கே 1975இல் சந்தைக்கு வந்த சிவப்பழகு கிரீமின் பெயரிலிருந்த ‘ஃபேர்’ என்ற சொல்லை எடுக்கவே 2020 ஆக வேண்டியிருந்தது.

எண்ணிமமாக்கும் மேசைக்கு வருவோம். பழைய நெகட்டிவை உயர்ந்த தரத்தில் ஸ்கேன் செய்தால் ஒரு தொல்லை வரும். அந்தக் காலத்துப் பிரின்டில் கரைந்து மறைந்த கீறல்கள் திரையில் பெரிதாக்கினால் துல்லியமாகத் தெரிகின்றன. மணப்பெண்ணின் கன்னம் முழுக்கப் புழு நெளிவதுபோல் இருக்கும். அவற்றை மென்பொருளில் அழித்து அழகாக்கலாம், அது டச்சிங்கின்மேல் செய்யும் டச்சிங். அல்லது பஞ்சில் டர்பன்டைனைத் தொட்டு நெகட்டிவின்மேலேயே ஒருமுறை மெல்ல ஒற்றினால் போதும். குங்கிலியம் கரையும், பென்சில் கீறல்களும் அதோடு வந்துவிடும். அன்று கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் முகம், தகட்டுக்குத் தெரிந்த அளவுக்கேனும் மீண்டும் தெரியும். ஆவணக்காப்பு நெறி அதை அனுமதிப்பதில்லை. கீறலும் ஆவணம். நெகட்டிவைக் கீறல்களோடு அமிலமில்லாத காகித உறையில் போட்டு எண் எழுதி வைக்கிறார்கள்.